கருவோடைக் கடைசித் தோணி

அது கோட்டச் சுவரு இல்ல தம்பி. நீங்க இப்பம் போன்ல படம் எடுத்தியளே, கருவேல முள்ளு மண்டிக் கெடக்க அந்தக் கல்லுச் சரிவு, அதத்தான் சொல்லுதேன். வெளியூர்க்காரங்க முக்காவாசிப் பேரு அப்படி நெனச்சித்தான் எடுத்துட்டுப் போறாவ. போன வருசம் ஒரு வாத்தியாரு பிள்ளையளக் கூட்டிட்டு வந்து, இது டச்சுக்காரன் கட்டுனதுன்னு பாடமே நடத்துனாரு. நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். டச்சுக்காரனும் இல்ல, கோட்டயும் இல்ல. தோணி கட்டுன எடம். எங்க எடம். சரிவு தண்ணிக்குள்ள எறங்கிப் போகுதுல்லா, அதுல சறுக்கித்தான் ஒவ்வொரு தோணியும் இந்தக் கருவோடையில எறங்கும்.

உக்காருங்க. பஸ்சு இப்பம் வராது. பாலத்துல ஒரு சாவு வரப்போவுது. அந்தக் கரையில துக்க மணி அடிக்கது கேக்குல்லா? பெட்டி இந்தக் கரைக்கு வந்து சேருத வரைக்கும் ஒரு வண்டியும் பாலத்துல ஏறாது. ஊர்க் கட்டுப்பாடு.

யாரு செத்ததுன்னு கேக்கியளா? எம் தம்பி. கூடப் பொறந்தவன். கபிரியேல்னு பேரு.

அப்படிப் பாக்காதீங்க. தம்பி செத்துக் கெடக்கான், அண்ணங்காரன் பஸ் ஸ்டாப்புல உக்காந்து ஊரு நாயம் பேசுதானேன்னு நெனைக்கிய. காலையிலயே ஆளு வந்து சொல்லிட்டுத்தான் போனான். நான் இங்கனதான் இருப்பேன். இந்தப் பாலத்தக் கடந்து அந்தக் கரைக்குப் போனா நான் எங்கப்பனுக்குப் பொறந்தவன் இல்லன்னு மாதா மேல ஆணையிட்டவன் நான். இன்னைக்கு வரைக்கும் போனதில்ல. தூத்துக்குடிக்குப் போகணும்னாலும் மேக்க சுத்தி, பஸ்சு மாறி மாறித்தான் போவேன். எம் மக கல்யாணம் அந்தப் பக்கத்துக் கோயில்லதான். சுத்திப் போயிச் சேரதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சி ரெண்டாம் பந்தி நடக்குது. மக அழுதா. அழுதா அழட்டும், ஆணைன்னா ஆணைதான். கஸ்பாரு சொல்லு மாற மாட்டான்னு ஊருக்கே தெரியும்.

எங்கப்பா கொழும்புல கப்பல் பட்டறையில வேல பாத்துட்டு வந்தவிய. வந்து பாத்தாவ, கடக்கரையில எல்லாரும் வள்ளம் கட்டுதான். இவிய கடலுக்குப் போகல. இந்த ஓடைக்கு வந்தாவ. சின்ன ஓடைதான், இங்கன நின்னு கூப்பிட்டா அந்தக் கரையில திரும்பிப் பாப்பான். ஆனா அன்னைக்கு நல்ல ஆழம். அலை கெடையாது, காத்து கெடையாது, முகத்துவாரம் வரைக்கும் ஒரு தடை கெடையாது. பெரிய தோணி கட்டுறதுக்கு இத விட எடம் உண்டுமான்னு கேப்பாவ. கடன ஒடன வாங்கி அந்தக் கல்லுச் சரிவப் போட்டாவ. மரம் அறுக்கவன், ஆசாரி, கொல்லன், பலகைக்கும் பலகைக்கும் நடுவுல பஞ்சத் திணிச்சி அடிக்கவன், எல்லாரும் குடும்பத்தோட வந்து குடிசை போட்டான். இந்தா இந்த சிலுவைத்துறைங்குற ஊரே அப்படி வந்ததுதான். இங்கன கட்டுன தோணி கொழும்புக்கு வெங்காயம் கொண்டு போச்சி, ஓடு கொண்டு போச்சி, மாலத்தீவு வரைக்கும் போச்சி. எங்க தோணி தண்ணி குடிச்சிச்சின்னு ஒருத்தன் சொன்னது கெடையாது.

எங்கப்பா ஒரு வழமை வச்சிருந்தாவ. எந்தத் தோணியும் மாதா திருநாள் அன்னைக்குத்தான் தண்ணியில எறங்கணும். ஐப்பசியில வரும் எங்க திருநாளு. பாய்மரம் நட்டு, கொடி கெட்டி, சாமியாரு வந்து தீர்த்தம் தெளிச்சி, அந்தக் கர மணல்குடிக்காரன், இந்தக் கரைக்காரன் எல்லாரும் வடம் பிடிச்சி இழுக்கணும். மரம் நடாத மொட்டத் தோணி தண்ணியப் பாக்கக் கூடாது, அது பொணத்துக்குச் சமானம்பாவ. எங்கப்பா எறக்குனது அத்தனையும் அப்படித்தான். நான் எறக்குனதும் அப்படித்தான். கடைசித் தோணி வரைக்கும்.

கபிரியேலு பட்டறையில எங்கூடத்தான் கெடந்தான். பஞ்சடிக்கதுல அவன் கை மாதிரி வராது. மணல்குடியில பொண்ணு எடுத்தோம். லூசியான்னு பேரு, நல்ல பிள்ளதான். மாமனாருக்கு ஆண் வாரிசு இல்லன்னு அங்கயே தங்கிட்டான். காலையில வள்ளத்துல வருவான், சாயங்காலம் வள்ளத்துல போவான். எங்களுக்குள்ள ஒரு சொல்லு கெடையாது. அப்படி இருந்தவன்தான், திடீர்னு ஒருநாளு கலெக்டர் ஆபீசுல போய் நிக்கான், கருவோடைக்குப் பாலம் வேணும்னு.

அவன் எதுக்குப் பாலம் கேட்டான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல தம்பி. என்ன கொறச்சல் அவனுக்கு? வீட்டு வாசல்ல வள்ளம் நிக்கி. அதுக்கு முந்துன வருசம் அவனுக்குப் பிள்ள செத்துச்சி, அதுலேருந்தே ஒரு மாதிரிதான் இருந்தான். அது சாமி விட்ட வழி. லூசியாவுக்குப் பிரசவ நோவு கண்டுட்டு. ஆஸ்பத்திரி இந்தக் கரையில. வள்ளத்துல வச்சித் தள்ளிட்டு வாரான், ஓடைக்குக் குறுக்க நம்ம மரம் கெடக்கு. மலையாளத்துலேருந்து வார மரத்த வந்த ஒடனே அறுத்தா வெடிச்சிப் போகும் பாத்துக்கிடுங்க. சங்கிலி போட்டுக் கெட்டி உப்புத் தண்ணியில ஊறப் போடணும். கரைக்குக் கரை அடச்சித்தான் கெடக்கும், எப்பமும் அப்படித்தான். அவன் கூப்பாடு போட்டிருக்கான். சங்கிலிச் சாவி எங்கிட்ட, நான் ஊருல இல்ல, மரம் பாக்கப் போயிருக்கேன். அவன் மணல் திட்டு வழியா சுத்தியிருக்கான். தண்ணி வத்துத நேரம். வள்ளம் சேத்துல இருந்துட்டு. அங்கனயே பிள்ள பொறந்து அங்கனயே போச்சி. பொட்டப் பிள்ள. நான் வந்து அவன் கையப் பிடிச்சி, சாமி குடுத்தாரு, சாமி எடுத்தாருடேன்னேன். மரம் ஊறணும்லா, அதுக்கு நான் என்ன செய்ய. அவன் மறுநாளு பட்டறைக்கு வரல. அதுக்குப் பொறவு வரவே இல்ல. பொண்டாட்டி பேச்சு. வேற என்ன.

பாலம்னு சொன்னதும் நாங்க சிரிச்சோம். ஏன்னா எங்கப்பா காலத்துலயே பாலத்துக்கு அடிக்கல்லு நட்டாச்சி. பொறவு வந்த கச்சிக்காரனும் நட்டான். அதுக்குப் பொறவு வந்தவனும் பழய கல்லுக்குப் பக்கத்துல புதுக் கல்லு நட்டான். அந்தக் கல்லுலதான் நாங்க வடத்தச் சுத்திக் காயப் போடுவோம். அதனால கபிரியேலு மனு குடுத்தான்னு கேட்டதும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஏற்கெனவே அடிமரம் வச்சிருந்த தோணிய இன்னும் பெருசாக்குனேன். கருவோடையில அதுவரைக்கும் எறங்காத தோணியா அது இருக்கணும். சந்தன மாதான்னு பேருகூட அப்பமே வச்சிட்டேன்.

தூணு எழும்புச்சி. அருணாசல ஆசாரின்னு எங்க மேஸ்திரி, அப்பா காலத்து ஆளு, அவரு வந்து, "மொதலாளி, தூணு எந்திரிச்சிட்டே"ன்னாரு. "தூணு நிக்கும் ஆசாரியாரே, மேல தட்டு போடுததுக்குள்ள ரெண்டு எலெக்சன் வந்துரும்"ன்னேன். எல்லாரும் சிரிச்சான். அவரு சிரிக்கல. அந்த மனுசனுக்கு எப்பமும் சிரிப்பு வராது.

ரெண்டு கரையிலேருந்தும் தட்டு போட்டுட்டு வந்துட்டான். நடுவுல ரெண்டு தூணுக்கு இடையில ஒரு கண்ணு மட்டும் பாக்கி. அப்பம்தான் கபிரியேலு வந்தான். பிள்ள செத்ததுக்குப் பொறவு அன்னைக்குத்தான் பட்டறையில கால் வைக்கான். தோணியச் சுத்தி வந்தான், பலகையத் தடவிப் பாத்தான். "அண்ணே, இப்பமே எறக்கிருவோம். நடுவுல வழி இருக்கு. மரம் பொறவு நட்டுக்கிடலாம், மேல் வேலய தூத்துக்குடியில வச்சிப் பாத்துக்கிடலாம். வெளிய கொண்டு போயிருவோம்ணே"ங்கான். எனக்கு வந்துச்சே கோவம். எங்கப்பா வழமைய விட்டுட்டு, மொட்டத் தோணிய, திருடிட்டுப் போற மாதிரி நான் கொண்டு போகணும். பாலத்தயும் கொண்டு வந்துட்டு, எனக்கு வழியும் சொல்லுதான். "நீ ஒம் பாலத்தப் பாருல, எந் தோணிய எனக்குப் பாக்கத் தெரியும்"னேன். அவசரத்துல கைய விட்டா அண்டாக்குள்ள கூடப் போகாதும்பாவ. திருநாளுக்கு இன்னும் நாளு கெடக்கு, அன்னைக்குத்தான் எறங்கும், அதுவரைக்கும் பாலம் நிக்குமா நிக்காதான்னு மாதா பாத்துக்கிடுவான்னு சொல்லிட்டேன்.

அவனா அடங்குனான்? பொறவும் வந்தான். பொறவும் அதே பேச்சு. நான் முகம் குடுக்கல. ஆசாரியார விட்டுச் சொல்லச் சொன்னான், அவரயும் ஏசி விட்டேன்.

அப்பம் அவன் செஞ்ச காரியத்தச் சொல்லுதேன் கேளுங்க, ஒங்களுக்கே வயிறு எரியும். பாலம் கட்டுற காண்ட்ராக்டுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தான், நாரோயில்காரன். தெனமும் மத்தியானம் கபிரியேலு தூக்குவாளியத் தூக்கிட்டு அவங்கிட்டப் போவான். நண்டுக் கொழம்பு, சோறு. நான் பட்டறையிலேருந்து பாத்துட்டே இருப்பேன். அந்த ஆளுக்கு எலயப் போட்டு, பக்கத்துல குத்தவச்சி, கையக் கெட்டிக்கிட்டுக் கெஞ்சிக் கெஞ்சிப் பேசுவான். வெரசா முடியுங்க, எங்கண்ணன் தோணி வெளிய போறதுக்குள்ள முடியுங்கன்னு ஊட்டி விட்டான் தம்பி. கூடப் பொறந்தவன். ஆவணி பூரா கொண்டு போனான், புரட்டாசி பூரா கொண்டு போனான்.

திருநாளுக்குக் கொஞ்ச நாளு முந்தி மேலதிகாரி யாரோ ஜீப்புல வந்தான். அந்த சூப்பர்வைசரப் பாத்துக் கத்துனான். நடுக்கண்ணுக்கும் தட்டு போட்டாச்சி.

நான் என்ன, பயந்துருவேனா? திருநாள் அன்னைக்குச் சொன்னபடி எறக்குனேன். பாய்மரம் நட்டு, கொடி கெட்டி, சாமியாரு தீர்த்தம் தெளிச்சி. ஊரு பூரா வடம் பிடிச்சிச்சி. சந்தன மாதா சரிவுல எறங்குனா பாருங்க, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. அப்படி ஒரு தோணிய நான் எங்கயும் பாத்ததில்ல. ஏத்தத் தண்ணியில மெள்ள மெள்ள மெதந்து போயி, அந்தப் பாலத்துக்கு முன்னால நின்னுச்சி. பாய்மரத்துல பாதி ஒசரத்துக்குக் கூடப் பாலம் இல்ல. தோணியோட பக்கப் பலகையே பாலத்துல இடிக்கி. கை தட்டிட்டு வந்த சனம் பூரா அப்படியே நின்னுட்டு. மேல பாலத்துல கபிரியேலு நிக்கான். அழுதான். எனக்குப் பத்திட்டு வந்துச்சி. செய்தத செஞ்சிட்டு அழுகை என்ன அழுகை. அங்கன வச்சித்தான் ஆணையிட்டேன், எல்லாரு முன்னாலயும்.

அங்கனயேதான் கெடந்தா சந்தன மாதா. வெயில்ல வெடிச்சி, மழையில ஊறி, அடியில புழு வச்சி, ஒரு பக்கமா சாஞ்சி. கடைசியில வெறகுக்காரன் வந்து அறுத்து ஏத்திட்டுப் போனான். நான் அன்னைக்கு வீட்டுக் கதவச் சாத்திட்டு உள்ளயே இருந்தேன். ரம்பச் சத்தம் உள்ளயும் கேட்டுச்சி. ஆசாரியாரு கொச்சிக்கு மகன் வீட்டுக்குப் போய்ட்டாரு. மத்தவன் பூராவும் தூத்துக்குடி, வேப்பலோடைன்னு போய்ட்டான், உப்பளத்துல வேலைக்கு. பட்டறை இருந்த எடத்துல இன்னைக்கு முள்ளுதான் இருக்கு. ஒருத்தன் பொறாமையில ஒரு ஊரு அழிஞ்சிச்சி தம்பி. எழுதுறதுன்னா இத எழுதுங்க.

நடுவுல ஒருக்கா கபிரியேலு வந்தான். நான் என்ன சொல்லி விட்டிருந்தேன்னா, பாலத்துல வாரவன் எம் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது, வந்தா எங்கப்பன் பிள்ளையாத் தண்ணி வழியா வரட்டும்னு. ஒரு பெரிய வெள்ளிக்கெழமை, வள்ளத்த எடுத்துட்டு வந்துட்டான். இந்தத் தூணு வந்த பொறவு ஓடை தூந்து போச்சில்லா, பாதியில சேத்துல இருந்துட்டு. எறங்கி, தொட வரைக்கும் சேத்துல நடந்து, நம்ம சரிவுக்குக் கீழ வந்து நின்னு "அண்ணே, அண்ணே"ன்னு கூப்பிட்டான். நான் கஞ்சி குடிச்சிட்டு இருந்தேன். பாதிக் கஞ்சியில எந்திரிக்கக் கூடாதுல்லா. குடிச்சி முடிச்சி, கையக் கழுவி, வெளிய வந்து பாத்தேன். திரும்பிப் போய்ட்டு இருக்கான். கொஞ்சம் நின்னிருக்கலாம் அவன். அவனுக்கு என்னைக்கும் பொறுமை கெடையாது.

அந்தா, ஏறிட்டாவ பாலத்துல. சிலுவை முன்னால வருதுல்லா. வெள்ளச் சீல கெட்டிட்டு வாரது லூசியா.

கல்லறைத் தோட்டம் இந்தக் கரையிலதான். அப்பம்லாம் பெட்டி வள்ளத்துலதான் வரும். நேரா கரைக்கு வந்துராது. மணல்குடிக்காரன் பாதித் தண்ணி வரைக்கும் கொண்டு வந்து நிப்பான். இங்கேருந்து ஒரு வள்ளம் போகும். செத்தவன் குடும்பத்துல இந்தக் கரையில யாரு மூப்போ அவன் தலமாட்டத் தொட்டு வாங்கணும். வாங்க ஆளு வராம அவன் அதுக்கு மேல வர மாட்டான். எங்கப்பா எத்தனையோ பேர வாங்கியிருக்காவ. பாலம் வந்த பொறவும் அத விடல. பாலத்துல அதே நடுவுல எறக்கி வச்சிட்டு நிப்பானுவ.

அந்தா, எறக்கிட்டாவ.

யாரு போவா? அவனுக்குப் பிள்ள இல்ல. அதுக்குப் பொறவு அவளுக்குத் தங்கவே இல்ல. எம் பயலுவ ரெண்டு பேரும் துபாய்ல இருக்கானுவ. எங்கப்பா வழியில வேற ஆம்பள கெடையாது. சாமியாரு பாத்துச் சொல்லி யாரயாவது அனுப்புவாரு. அனுப்பட்டும்.

என்ன கேக்கிய? காது கொஞ்சம் மந்தம், சத்தமாச் சொல்லுங்க. வெரசா முடிக்கணும்னு ஊட்டுனவன்னா நடுக்கண்ணு மட்டும் ஏன் அத்தன நாளு போடாமக் கெடந்துச்சின்னா?

அது, சோம்பேறிப் பயலுவ. தின்னுட்டுப் படுத்துருப்பானுவ. சிமெண்டு வந்திருக்காது.

இல்ல, சிமெண்டு வந்துட்டு. கரையில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தானுவ, நானே பாத்தேன். ஆளும் இருந்தான். சும்மா உக்காந்து சீட்டு வெளையாடிட்டு இருந்தானுவ.

நீங்க வெளியூரு தம்பி. எங்க குடும்பத்து விசயம் ஒங்களுக்கு என்ன தெரியும்? எம் தம்பிய எனக்குத் தெரியாதா? அப்படின்னா அவன் எங்கிட்டச் சொல்லியிருப்பாம்லா. வழி இருக்கு, வழி இருக்குன்னு மட்டுந்தான் சொன்னான். நாந்தான் வழி புடிச்சி வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னானா?

லூசியாவுக்கு நண்டு ஆகாது. தொட்டாலே கை ரெண்டும் தடிச்சிப் போகும் அவளுக்கு. கல்யாணம் ஆன புதுசுல எங்க வீட்டுல நண்டு ஆஞ்சி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அவதான ஆக்கிக் குடுத்திருக்கா. அத்தன நாளும்.

ஏன் இப்படி வெயில்ல நிக்காவ எல்லாரும்? ஒரு குடை கூடப் பிடிக்கல யாரும் அவளுக்கு. இங்கனயே பாத்துட்டு நிக்கா.

கொஞ்சம் கையக் குடுங்க தம்பி, எந்திரிக்கணும். மெள்ள. முட்டி மடக்குனா நிமுர மாட்டேங்கு. செருப்பு கெடக்கட்டும், பெட்டி தூக்கும்போது செருப்பு ஆகாது. கைய விட்டுராதீங்க, அந்தப் பாலத்து ஏத்தம் வரைக்கும் கூட வாங்க.

நான் ஆணையிட்டது பாலத்தக் கடந்து அந்தக் கரைக்குப் போக மாட்டேன்னுதான். நீங்களும் கேட்டியல்லா, அப்படித்தான சொன்னேன்? பாதி வரைக்கும் போனா அது கடந்ததா ஆகுமா?

அவன் பாதி வந்துட்டாம்லா.